ஊறல் சோதனை

கழிப்பறை வேண்டுமென்றால்
முதலில் மண்ணுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமாம்.
இடுப்பளவு ஒரு குழி.
அதை நிரப்பி, இரவெல்லாம் ஊறவிட்டு,
காலையில் மறுபடி ஊற்றி
கடிகாரம் பார்த்து எழுத வேண்டும்:
ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம்.

டெரில் நக்காய் சொல்லி முடித்தபோது
வெர்லீன் டோடச்சீனி
சுவரோரத்து நீலப் பீப்பாய்களைப் பார்த்தாள்.
நான்கு. அதில் ஒன்றரைதான் தண்ணீர்.
"உன் லாரியில் கொண்டுவரவில்லையா?"
"டாங்கி ஒழுகுகிறது" என்றான்
தண்ணீர்த் துறைக்காரன்,
தன் பூட்ஸைப் பார்த்தபடி.

முப்பத்தொரு மைல்.
பாதி தார், பாதி சலவைப் பலகைபோல் வரிவரியான செம்மண்.
சமூகக் கூடத்துக் குழாயில் சில்லறை போட்டு
வரிசையில் நின்று நிரப்பி வந்தால்
ஒவ்வொரு பள்ளத்திலும் மூடியோரம் கொஞ்சம் சிந்தும்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
அந்தச் சாலையின் எலும்பெல்லாம் தெரிந்தவள்,
அப்படியும் சிந்தும்.

மூன்றே மைலில் ஒரு காற்றாலைக் கிணறு உண்டு.
தகரத் தொட்டியில் சிவப்புப் பெயின்ட்:
கால்நடைகளுக்கு மட்டும்.
மேட்டுக்கு அப்பால்
மூடிப்போன யுரேனியச் சுரங்கம்.
ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாதது
எல்லோருக்கும் வசதி.

இந்த வீட்டில்
உருளைக்கிழங்கு கழுவிய நீர் கை கழுவும்,
கை கழுவியது தரை துடைக்கும்,
தரை துடைத்தது பீச் மரத்துக்குப் போகும்.
இந்த வருஷம் பதினொரு பழம்.
சோப்பு வாடை அடிப்பதாக
மகன் கெய்டன் சொல்கிறான்,
சொல்லிக்கொண்டே மூன்றாவதைக் கடிக்கிறான்.

பின்கதவிலிருந்து
மரக் கழிப்பிடக் கொட்டகை வரை
ஒரு கயிறு கட்டியிருக்கிறது.
எதற்கு என்று டெரில் கேட்கவில்லை.
பனிக்காற்று வீசும் இரவில்
சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டு போய்
அதைப் பிடித்துக்கொண்டே திரும்புவாள்.
அவன் வளர்ந்த வீட்டிலும் ஒரு கயிறு இருந்தது.

வந்ததும் முறைப்படி குலம் சொல்லிக்கொண்டார்கள்.
அவள் கசப்பு நீர்க் குலம்,
நீரருகே வாழ்வோர்க்குப் பிறந்தவள்.
அவன் உப்பு நீர்க் குலம்.
சொல்லி முடித்து இருவரும்
ஒரே நேரத்தில் பீப்பாய்ப் பக்கம் திரும்பி,
பிறகு சிரித்தார்கள்,
அவன் கொஞ்சம் தாமதமாக.

குழியில் அவனை ஊற்ற விடவில்லை.
"என் தண்ணீர்" என்றாள்.
நான்கு வாளி.
மெதுவாக, விளிம்போரமாக,
யாரையோ எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல்.
முதல் வாளி போன இடம் தெரியவில்லை.
இரண்டாவதில் மண் கறுத்தது.
மூன்றாவதில், கீழே,
ஒரு துண்டு வானம்.

காலையில் வந்து பார்த்தால் குழி காலி.
பக்கத்தில் நாய், ஈர மூக்கோடு.
மண் குடித்ததா, நாய் குடித்ததா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
டெரில் பேனாவைக் காதில் செருகினான்.
அவள் ஒன்றும் பேசாமல்
ஐந்தாவது வாளியை எடுத்தாள்.

பிறகு இருவரும் குழியருகே குந்தி
அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அடுப்பில் பால் வைத்தவர்களைப்போல்.
இருபத்துநான்கு நிமிடம்.
"தேறிவிட்டது."
"யார்?"
"மண்."

மண்ணுக்குக் குடிக்கத் தெரியும் என்று
இனி ஒரு சான்றிதழ் இருக்கும்.
பதினோரு வருஷக் கோப்பில் அது நாற்பதாவது தாள்.
புதைதொட்டி, குழாய், சூரியத் தகடு, பம்பு,
எல்லாம் வசந்தத்தில் என்றான்.
எந்த வசந்தம் என்று அவள் கேட்டாள்.
நிதி வந்தால், என்றான்.
அது ஏதோ மாதத்தின் பெயர் போல இருந்தது.

அவர்கள் மொழியில் தண்ணீரின் பெயர் தோ.
என் மொழியில், தேடியது கண்ணில் பட்டதும்
கைநீட்டிச் சொல்வோமே, அந்தச் சொல்.

வெர்லீன் காலிப் பீப்பாய்களை உருட்டி
வண்டியின் பின்பெட்டியில் ஏற்றினாள்.
அதன் கதவு இரண்டு முறை அடித்தால்தான் மூடும்.
அடித்தாள்.
முப்பத்தொரு மைல்.